அடகுச் சீட்டும் ஆலோசனை நாற்காலியும்

திங்கட்கிழமை காலை. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே, புகை படிந்த தெரு ஒன்றிலே, மூன்று பொன்னிற உருண்டைகள் தொங்கும் கடையின் முன்பு பெண்கள் நிற்கின்றனர். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு மூட்டை. மூட்டைக்குள்ளே, முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை கணவன் உடுத்திக் களைந்த கோட்டு. அதைக் கடையிலே வைத்துவிட்டு, கிடைக்கும் ஷில்லிங்கிலே வாரத்தை ஓட்டியாக வேண்டும். சனிக்கிழமை கூலி வரும், கோட்டு மீளும். ஞாயிறு ஒரு நாள் உடலிலே இருக்கும். திங்கள் காலை மீண்டும் மூட்டைக்குள்ளே புகும்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே, கடல் கடந்த நாடுகளைக் கட்டி ஆண்ட பேரரசின் தலைநகரிலே, வாரந்தோறும் நடைபெற்ற காட்சி இது.

அந்தக் கடைக்காரரை இலண்டன் ஏழைகள் 'மாமா' என்றனர். பாரிஸ் நகரத்து ஏழைகளோ தம் ஊர் அடகு நிலையத்துக்கு 'அத்தை' எனப் பெயரிட்டனர். உள்ள உறவினர் உதவாத நாளிலே, இல்லாத உறவைப் படைத்துக் கொண்டது வறுமை! கேலியும் அதிலே உண்டு, கண்ணீரும் உண்டு.

அந்த மாமாவையும் அத்தையையும் அரசு கண்காணிக்க வேண்டும் என்பதிலே நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. உலகெங்கும் அதற்குச் சட்டங்கள் உள்ளன. சில நாடுகளிலே அச்சட்டங்களை நடத்திட ஆணையங்களும், அரசுக்கு அறிவுரை கூறிட ஆலோசனைக் குழுக்களும் உள்ளன. அடகுக் கடைக்கு மட்டுமல்ல. பழம்பொருள் வாங்கி விற்கும் கடைக்கும், பழைய இரும்புக் கடைக்கும் இத்தகைய கண்காணிப்பு உண்டு. நாம் எழுப்பும் கேள்வி வேறு. அந்தக் குழுவின் நாற்காலிகளிலே அமர்பவர் யார்?

"இது நிர்வாகத் துறை பற்றிய சிறு செய்தி, இதிலே அறநெறிக்கு என்ன வேலை?" என்று கேட்போர் இருப்பர். வேலை உண்டு, தோழர்களே! ஒருவரது இல்லாமையைப் பற்றி, அவர் இல்லாத அறையிலே, வேறு சிலர் கூடி முடிவெடுப்பது முறையாகுமா என்பதே இதன் உள்ளே இருக்கும் கேள்வி. அது அறநெறிக் கேள்வி இல்லையென்றால், வேறெதுதான் அறநெறிக் கேள்வி!

அரசு எதற்காக இக்கடைகளைக் கண்காணிக்கிறது? இரண்டு அச்சங்கள் காரணம். ஒன்று, திருட்டுப் பொருள் ஒளியும் இடம் இதுவாகிவிடுமோ என்பது. மற்றொன்று, இல்லாதோரைக் கசக்கிப் பிழிந்திடும் இடமாகிவிடுமோ என்பது. முதல் அச்சம் காவல் துறையைக் கடைக்குள்ளே அழைத்து வந்தது. பெயர் எழுது, முகவரி எழுது, பொருளின் அடையாளம் எழுது, கேட்டபோது ஏட்டைக் காட்டு என்றது. இரண்டாவது அச்சம் வட்டிக்கு வரம்பு கட்டிற்று. சீட்டுக் கொடு, கெடு கொடு, ஏலத்துக்கு முறை வகு என்றது. நல்லதுதான். ஆனால் பொருள் பறிகொடுத்தவருக்காகப் பேசக் காவலர் வந்தார். கடைக்காரருக்காகப் பேசக் கடைக்காரர் சங்கம் வந்தது. பொருளை வைத்துப் பணம் பெறுபவருக்காகப் பேச வந்தவர் யார்? அவரது பெயர் ஏட்டிலே இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை!

இந்தக் கோளாறு இன்று நேற்றுத் தோன்றியதன்று. வட்டி வாங்குவது பாவம் என்று ஐரோப்பாவிலே திருச்சபை தீர்ப்பளித்திருந்த காலத்திலே, 1462-ம் ஆண்டு, இத்தாலி நாட்டுப் பெருஜியா நகரிலே, பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்று எழுந்தது. நிலையம் நடைபெறச் செலவுக்குச் சிறு தொகை வாங்கினர். அந்தச் சிறு தொகை பாவமா, பாவமில்லையா? ஒரு துறவியர் கூட்டம் பாவமில்லை என்றது. மற்றொரு கூட்டம் பாவமே என்றது. ஏடுகளைப் புரட்டினர், வாதிட்டனர், வசை பாடினர். 1515-ம் ஆண்டு, லேட்டரன் மாமன்றம் கூடி, 'பாவமில்லை' என்று முடித்து வைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்ற அந்த வழக்கிலே, மோதிரத்தை வைத்து மாவு வாங்கியவளை அழைத்து, "அம்மா, உனக்கு இத்தொகை சுமையா, சுகமா?" என்று ஒருவர் கேட்டதாக நாம் அறியோம். அவளது கணக்கு அவளுக்குத் தெரியும். அவர்களுக்கோ ஏடு தெரியும்!

மீண்டும் இலண்டன் தெருவுக்கு வருவோம். அங்கே 1800-ம் ஆண்டுச் சட்டம், அடகு வட்டியை ஆண்டுக்கு நூற்றுக்கு 20 என வரையறுத்திருந்தது. 1870-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று இத்தொழில் பற்றி விசாரித்தது. 1872-ல் புதுச் சட்டம் பிறந்தது. இரண்டு ஷில்லிங் கடனுக்கு மாதம் ஒன்றுக்கு அரைப் பென்னி வட்டி. அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 25. பத்து ஷில்லிங் வரையிலான கடனுக்குச் சீட்டுக் கட்டணம் அரைப் பென்னி. முதல் மாதத்திலே நான்கு நாள் கடந்தாலும், இருபது நாள் கடந்தாலும், முழு மாத வட்டி.

நூற்றுக்கு 25 என்றால், கொடுமை என்று கூறுவதற்கில்லை. ஏட்டைப் பார்ப்பவர் அவ்வாறே கூறுவார். நாம் ஏட்டை மூடிவிட்டு, மூட்டை தூக்கி வந்தவளிடம் கணக்குக் கேட்போம்.

திங்கட்கிழமை இரண்டு ஷில்லிங் பெறுகிறாள். அக்காலக் கணக்கிலே ஷில்லிங்குக்குப் 12 பென்ஸ். ஆக 24 பென்ஸ். சனிக்கிழமை மீட்கிறாள். வட்டி அரைப் பென்னி, சீட்டு அரைப் பென்னி, ஆக ஒரு பென்னி. அடுத்த திங்கள் மீண்டும் வைக்கிறாள். அது புதுக் கடன், புதுச் சீட்டு, புது மாதம்! மீண்டும் ஒரு பென்னி. இப்படி ஆண்டிலே 52 வாரம், 52 பென்ஸ். கையிலே வாங்கிய கடன் 24 பென்ஸ். அதற்காகக் கொடுத்தது 52 பென்ஸ்! நூற்றுக்கு 25 எங்கே போயிற்று? நூற்றுக்கு 200-க்கும் மேலல்லவா ஆகிறது! சட்டம் மீறப்பட்டதா? இல்லை. ஓர் எழுத்துக்கூட மீறப்படவில்லை. சட்டத்தின்படியே நடந்தது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பத்து ஷில்லிங் பெறுமான கோட்டை வைப்பவளுக்கு, இரண்டரைப் பென்ஸ் வட்டியும் அரைப் பென்னி சீட்டுமாக, வாரம் மூன்று பென்ஸ். ஆண்டுக்கு 156 பென்ஸ். 120 பென்ஸ் கடனுக்கு 156 பென்ஸ், நூற்றுக்கு 130. ஆக, அதிகம் உள்ளவளுக்குக் குறைந்த சுமை. ஏதுமற்றவளுக்கு ஏறிய சுமை! வெள்ளத்திலே உயரமானவனுக்கு இடுப்பளவு, குள்ளனுக்குக் கழுத்தளவு என்பது போல.

கடைக்காரரைக் கொடியவர் என்று கூறிட நாம் இதை எழுதவில்லை. ஐந்து நாள் அடகானாலும் அவர் மூட்டை கட்ட வேண்டும், மேல்மாடியிலே அடுக்க வேண்டும், ஏட்டிலே எழுத வேண்டும், எலிக்கும் ஈரத்துக்கும் காவல் இருக்க வேண்டும். அவரது செலவு உண்மையானது. அவர் அதை அரசிடம் எடுத்துரைக்கலாம். உரிமையும் உண்டு, வாய்ப்பும் உண்டு. அவளுக்கு? 1867-ம் ஆண்டுச் சீர்திருத்தம் நகரத் தொழிலாளரிலே ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை வழங்கிற்று. ஆனால் ஆண்களுக்கு மட்டுமே. பெண்களுக்கு வாக்கு வந்தது 1918-ல். அதுவும் 30 வயது நிறைந்து, வேறு தகுதிகளும் பெற்றோருக்கு. ஆணுக்கு நிகராக வந்தது 1928-ல். ஆக, 1872-ம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கிய மன்றத்திலே, திங்கட்கிழமை வரிசையிலே நின்றவளுக்கு இடமும் இல்லை. அங்கு ஒருவரை அனுப்பிட வாக்கும் இல்லை.

அவள் அந்த அறையிலே இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாள்? வட்டியே கூடாது என்றா? இல்லை. கடை மூடிவிட்டால் செவ்வாய்க்கிழமை சோறு இல்லை என்பதை அவளைவிட நன்கு அறிந்தவர் யார்? "ஐயா, வாரக் கடனுக்கு வார வட்டி போடுங்கள், ஒரே கோட்டுக்கு வாரந்தோறும் புதுச் சீட்டு எதற்கு?" என்றுதான் கேட்டிருப்பாள். அவ்வளவே! ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கூறிட, அறிஞருக்கு அறிவு போதாது. காவலருக்கு அதிலே கவலையில்லை. கடைக்காரருக்கு அது ஆதாயமில்லை. அவளுக்கு மட்டுமே அது தெரியும். அதனால்தான் கூறுகிறோம்: ஏழைக்கு இடம் கேட்பது இரக்கத்தினால் மட்டுமல்ல, அறிவின் பொருட்டும்தான். அவள் அறிந்த உண்மையை, அறைக்குள்ளே வேறெவரும் அறியார்.

அதே சட்டத்திலே மற்றொரு விதியும் உண்டு. பத்து ஷில்லிங்குக்கு மேற்பட்ட கடனுக்கு ஈடாக வைத்த பொருள் மீட்கப்படாவிட்டால், அது ஏலத்துக்கு வர வேண்டும். கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சினால், அந்த மிச்சத்தை வைத்தவர் கேட்டுப் பெறலாம். பத்து ஷில்லிங்கோ அதற்குக் குறைவோ என்றால்? பன்னிரண்டு மாதமும் ஏழு நாளும் கழிந்ததும், ஏலமுமில்லை, மிச்சமுமில்லை. பொருள் கடைக்காரருக்கே சொந்தம்! காரணம் இல்லாமலில்லை. சிறு பொருளை ஏலத்துக்குக் கொண்டு சென்றால், ஏலச் செலவே பொருளை விழுங்கிவிடும் என்பர். சரி, ஏலம் வேண்டாம், கடையிலேயே விலை குறித்து விற்று, மிச்சத்தைச் சீட்டின் பேரிலே வைத்திருக்கலாகாதோ? அப்படிக் கேட்க ஆளில்லை. 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் வந்தது. பழைய சட்டம் போயிற்று. ஆனால் அந்தக் கோடு போகவில்லை. தொகை மட்டும் மாறி, பின்னர் 75 பவுண்டு என்று வந்து நின்றது. அதற்கு மேற்பட்ட கடனானால் பொருளை விற்றுக் கணக்குக் காட்ட வேண்டும். அதற்குட்பட்டால் பொருளே கடைக்காரருடையது. நூறு ஆண்டு கழிந்த பின்னரும், சிறு பொருள் உடையவரின் மிச்சம், மிச்சமாக மதிக்கப்படவில்லை!

இனி, கேட்கும் குரலுக்கு வலு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நம் ஊர்க் காயலான் கடை போன்ற பழைய உலோகக் கடைகளுக்கு அங்கு 1964-லேயே சட்டம் உண்டு. இந்த நூற்றாண்டிலே செம்பின் விலை ஏறியபோது, ரயில் பாதையோரக் கம்பிகள் களவு போயின. தேவாலயக் கூரையின் ஈயத் தகடுகள் களவு போயின. ரயில்கள் நின்றன, கூரைகள் ஒழுகின. கூக்குரல் எழுந்தது. 2013-ம் ஆண்டுச் சட்டம், பழைய உலோகத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுப்பதையே தடுத்தது. விற்பவர் யாரென்று சரிபார்க்க வேண்டும் என்றது. நல்ல சட்டம், நாம் குறை கூறவில்லை. ரயிலும் மக்கள் சொத்துத்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ரயில் நிறுவனமும் திருச்சபையும் இழந்தபோது, கடையின் பணப்பெட்டிக்கே பூட்டுப் போட முடிந்த அரசுக்கு, ஒரு கோட்டின் மிச்சத்தைக் கணக்கிலே வைக்க ஏன் முடியாமற் போயிற்று? நியாயம் சிறிது என்பதாலா? இல்லை, நியாயம் கேட்டவள் சிறியவள் என்பதால்!

அரசு அதிகாரியும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம், பொதுமக்களிடமிருந்து நல்லோர் சிலரைத் தேர்ந்து குழு அமைத்தால் போதாதா என்று கேட்கக் கூடும். ஜப்பான் நாடு அவ்வழியிலே நடந்து காட்டியிருக்கிறது. பழம்பொருள் வணிகச் சட்டம் அங்கு 1949-ல் பிறந்தது. அடகுக் கடைச் சட்டம் 1950-ல். கடை நடத்த உரிமம் வழங்குவது, மாவட்ட நிலையிலுள்ள பொதுப் பாதுகாப்பு ஆணையம். காவல் துறையை மக்கள் சார்பில் மேற்பார்வை செய்யும் அந்த ஆணையத்திலே, முந்திய ஐந்து ஆண்டுகளிலே காவலராகவோ அரசு வழக்கறிஞராகவோ தொழில் புரிந்தவர் உறுப்பினராக இயலாது. சிறந்த கோட்பாடு! பொருளைப் பறிகொடுத்தவருக்கும் அங்குத் தக்க காப்பு உண்டு. களவுப் பொருளைக் கடைக்காரர் சந்தையிலே நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், ஓராண்டுக்குள்ளே உரியவர் விலை கொடுக்காமலே திரும்பக் கேட்கலாம்.

எனினும் அங்கேயும், அடகுக் கடை வாங்கக்கூடிய வட்டியின் உச்சவரம்பு, ஆண்டுக்கு நூற்றுக்கு 109.5 எனச் சட்டத்திலே நிற்கிறது. ஏனைய கடன் தொழிலுக்கு 2010 முதல் உச்சவரம்பு நூற்றுக்கு 20. இத்தனை வேற்றுமைக்கும் காரணம் காட்டுவர்: பொருளைக் காக்கும் செலவு, கடன் தவறினால் பொருளோடு தீர்ந்தது, ஆளைத் துரத்துவதில்லை. காரணத்திலே உண்மையும் உண்டு. இதற்கிடையே, ஏழைகளுக்கென 1927-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நகராட்சிகளும் அறநிலையங்களும் நடத்திவந்த பொது அடகு நிலையங்கள் தேய்ந்து போயின. அச்சட்டமும் 2000-ல் நீக்கப்பட்டது. வட்டி விகிதத்தை ஆக்குவது ஆணையமன்று, சட்டமன்றம், அதை அறிவோம். ஆயினும் பாடம் தெளிவு: காவலரை விலக்குவது நன்று, கண்ணியமானவரை அமர்த்துவது நன்று, அவ்விரண்டும் சேர்ந்தாலும், அடகு வைத்தவரை அமர்த்தியதாகிவிடாது. பசித்தவரைப் பற்றிப் பரிவோடு பேசுவோர் வேறு; பசித்தவர் வேறு.

இங்கிலாந்து பின்னாளிலே ஒரு படி ஏறியது. 2000-ம் ஆண்டு நிதித்துறைச் சட்டம், கண்காணிப்பு நிறுவனத்துக்கு ஆலோசனை கூறிடத் தொழில் நடத்துவோருக்கு ஒரு குழு, நுகர்வோருக்குத் தனியே ஒரு குழு, இரண்டும் அமைந்தே தீர வேண்டும் என்றது. 2014 ஏப்ரல் முதல் நாளன்று, அடகுக் கடைகள் உள்ளிட்ட நுகர்வோர் கடன் தொழில் முழுவதும் நிதி நடத்தை ஆணையத்தின் பொறுப்பிலே வந்தது. நுகர்வோர் குழுவின் பார்வையும் அதனோடு வந்தது. குழு கூறுவதை ஆணையம் கருத்திலே கொள்ள வேண்டும். அவ்வப்போது மறுமொழியை வெளியிடவும் வேண்டும் என்பது சட்டம். 1872-லிருந்து 2014 வரை 142 ஆண்டுகள்! ஒரு நாற்காலி கதவைக் கடந்து உள்ளே வர இத்தனைக் காலம்! வந்த பிறகும் நாம் கேட்கத்தான் வேண்டும்: அந்த நுகர்வோர் நாற்காலியிலே அமர்பவர், நுகர்வோர் நலம் பற்றிப் படித்தவரா? அடகுச் சீட்டைப் பையிலே வைத்துக்கொண்டு இரவு உறங்காதிருந்தவரா? இருவரும் வேண்டும் என்பது நம் கருத்து. ஒருவர் மற்றவருக்கு மாற்றாகார்.

மறுப்புரைகளை நாம் மறைக்கப் போவதில்லை. மூன்று மறுப்புகள் கூறப்படும். மூன்றையும் நேர் நின்று பார்ப்போம்.

"அடகு வைப்போருக்குத் தொழில் நுணுக்கம் தெரியாது, பொன்னின் மாற்று, ஏல முறை, காப்பீடு, வட்டிக் கணக்கு, இவற்றை அறியாதவர் என்ன ஆலோசனை கூற முடியும்?" என்பது முதல் மறுப்பு. நுணுக்கம் அறிந்த வணிகர் வரட்டும், வந்து சான்று கூறட்டும். அவரது அறிவை நாம் வேண்டாமென்று கூறவில்லை. ஆனால் சாட்சிக் கூண்டிலே நிற்க வேண்டியவர், நீதிபதி நாற்காலியிலும் அமர்வது எந்த ஊர் முறை? மேலும், நூற்றுக்கு 25 என்பதை 200-க்கு மேல் என்று கண்டறிந்தது எந்த நுணுக்கம்? வாரந்தோறும் ஒரு பென்னியை எண்ணிக் கொடுத்த விரல்களின் நுணுக்கமல்லவா அது?

"அவர்களை அமர்த்தினால் வட்டியைக் குறை, குறை என்பர், கடைகள் மூடப்படும், உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரனிடம் ஏழை சிக்குவான்" என்பது இரண்டாவது. இது அற்பமான மறுப்பன்று. உரிமம் பெற்ற கடை மூடப்பட்டால், தெருவிலே கடன் ஒழிவதில்லை; சீட்டு மட்டுமே ஒழிகிறது. சீட்டு இல்லாத கடன், சாட்சி இல்லாத கொலை போன்றது. ஆனால் இந்த ஆபத்தை முதலிலே உணர்பவர் யார்? கடை மூடினால் முதலிலே பட்டினி கிடப்பவர் அல்லவா? அவரைப் பொறுப்பற்றவர் என்று கருதுவது, ஒருநாளும் பட்டினி கிடந்தறியாதவரின் கற்பனை. பொறுப்பைக் கொடுத்தால்தான் பொறுப்பு வளரும். வாக்குரிமை கேட்டபோதும், பாட்டாளிக்குப் பகுத்துணரத் தெரியாது என்றுதானே கூறினர்!

"அடகு வைத்ததை வெளியிலே கூறவே கூசுவர்; குழுவிலே அமர எவர் முன்வருவர்?" என்பது மூன்றாவது. ஆம், கூச்சம் உண்டு. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? பெரு நிறுவனத்தார் தம் பங்குகளை ஈடு வைத்துக் கோடிகள் பெறுகின்றனர். நாளேடுகள் அதை 'நிதி திரட்டல்' என்கின்றன. மாளிகையை ஈடு காட்டி வங்கியிலே பெறுவது 'முதலீடு' ஆகிறது. தாலியிலே கோத்த குண்டுமணிப் பொன்னை வைத்துப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தினால் மட்டும், முந்தானையால் முகத்தை மறைத்துக் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது! செயல் ஒன்றே, தொகை வேறு, அதனால் பெயர் வேறு, பார்வை வேறு. 'தலையெழுத்து' என்ற சொல்லைப் போலவே, இந்த வெட்கமும் இல்லாதோர் மீது இருப்போர் எழுதிய எழுத்து. எழுதியதை அழிக்கலாம். அரசே ஒரு நாற்காலியைப் போட்டு, "அடகு வைத்தவரே, வருக, அமர்க" என்று அழைக்கும் நாளிலே, அந்த வெட்கத்தின் முதல் எழுத்து அழியும்.

வெறும் நாற்காலி போதாது, அதையும் கூறிவிடுவோம். பத்துப் பேர் நடுவே ஒருவரை அமர்த்தி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடும் குழுக்களை நாம் அறிவோம். ஒருவர் அல்ல, பலர் அமர வேண்டும். கூலிக்குச் செல்லும் நேரத்திலே கூட்டம் வைக்கலாகாது. வைத்தால் இழந்த கூலி ஈடு செய்யப்பட வேண்டும். பேச்சு, அவர்கள் பேசும் மொழியிலே இருக்க வேண்டும். குழு கூறும் ஆலோசனை எழுத்திலே வெளிவர வேண்டும்; அரசு அதை ஏற்கவில்லையென்றால், ஏன் ஏற்கவில்லை என்பதும் எழுத்திலே வெளிவர வேண்டும். இந்த இறுதி விதி இல்லாவிட்டால், ஆலோசனைக் குழு என்பது, கேட்கிறோம் என்ற பேரிலே கேளாதிருக்கும் கலையாகிவிடும்.

இவ்வளவும் இலண்டனுக்கும் டோக்கியோவுக்கும் மட்டும் உரிய செய்தியன்று. நம் நாட்டிலே 1943-ம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்திலே பிறந்த அடகுக் கடைச் சட்டமே, இன்றும் தமிழ்நாட்டிலே நடைமுறையிலுள்ளது. உரிமம் தருபவர் வட்டாட்சியர். நம் தாய்மார்கள் கையிலுள்ள அடகுச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள். 'ஓராண்டு ஏழு நாள்' என்று கெடு இருக்கும். 1872-ல் இலண்டன் தெருவிலே கோட்டு வைத்தவளுக்கு அளந்து கொடுத்த அதே பன்னிரண்டு மாதம், அதே ஏழு நாள்! மழை பொய்த்த ஆண்டிலே நகை வைத்த உழவனுக்கு, அடுத்த அறுவடை அந்த ஏழு நாளுக்குள்ளே வருமா என்பதைக் கணித்தவர் யார்? கெடுவை அளந்தபோது நம் வயலை அளந்தார்களா?

அண்மையிலே ஒரு நிகழ்ச்சி. 2025 ஏப்ரலிலே, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வழங்கும் நகைக் கடனுக்கான வரைவு விதிகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அவ்விதிகள் சிறு கடன் பெறுவோரை வாட்டும் என்று தமிழகத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. உழவர்கள் முழங்கினர், ஆட்சியாளர் மடல் விடுத்தனர். ஜூன் 6-ம் நாள் இறுதி விதிகள் வந்தன. இரண்டரை இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, நகை மதிப்பிலே நூற்றுக்கு 75 என்றிருந்தது 85 ஆயிற்று. கடன் தீர்ந்தபின் நகையைத் திருப்பிக் கொடுக்கக் கெடு விதிக்கப்பட்டு, நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ஆயிற்று. குரல் கேட்டது, விதி திருந்திற்று! மகிழ்ச்சிதான். ஆயினும், தெருவிலே நின்று கூவிய பிறகு கேட்டதை, அறையிலே அமர்த்தி முன்னரே கேட்டிருக்கலாகாதா? கூவத் தெரியாத ஊரிலே, கூவ எவரும் இல்லாத ஆண்டிலே, விதி எப்படித் திருந்தும்?

ஆகவே நாம் கேட்பது எளிது. மாவட்டந்தோறும் அடகுக் கடை, பழம்பொருள் கடை பற்றி அரசுக்கு ஆலோசனை கூறிட ஒரு குழு அமையட்டும். அதிலே வணிகர் சான்று கூறட்டும், காவலர் குறிப்புத் தரட்டும், அறிஞர் விளக்கட்டும். சீட்டு வைத்திருப்பவர் அமர்ந்து முடிவு கூறட்டும்.

இறுதியாக, இளைஞர்களே, நம்மை நோக்கியும் ஒரு கேள்வி. நாம் மேடையேறி ஏழைக்காகப் பேசுகிறோம்; ஏடு நடத்தி ஏழைக்காக எழுதுகிறோம். இக்கட்டுரையிலேயே, இலண்டன் தெருப் பெண் என்ன கேட்டிருப்பாள் என்பதை அவளுக்காக நாமே கூறினோம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் அது நம் குரல், அவள் குரலன்று. நம் மன்றங்களிலே, படிப்பகங்களிலே, செயற்குழுக்களிலே, நாற்காலிகள் யாருக்காகப் போடப்பட்டுள்ளன? கூட்டம் முடிந்ததும் அந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கும் தோழர், ஒரு நாளேனும் அவற்றிலே ஒன்றிலே அமர்ந்து பேசியதுண்டா?

அரசிடம் நாம் கேட்கும் நாற்காலியை, முதலிலே நம் கூடத்திலே போடுவோம். அடுத்த கூட்டத்திலேயே போடுவோம்.